பைக் இருக்கா, லைசென்ஸ் இருக்கா, ஊர்ல எந்தத் தெரு?

விழுப்புரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜ்களின் மாடிப்படிகளில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இளைஞர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, நண்பனிடம் வாங்கிய டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டு மெடிக்கல் ரெப் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். பத்து நிமிடத்தில் ஒருவர் உள்ளே போய்விட்டு வருகிறார். “போன் பண்றோம்னு சொன்னாங்க” என்கிறார். அந்தப் போன் பெரும்பாலும் வருவதில்லை.

நமது பகுதியின் சேரிகளிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளில் வேதியியல், விலங்கியல், தாவரவியல் படிப்பவர்கள் நிறையப் பேர். விழுப்புரம், திண்டிவனம் அரசுக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு, உதவித்தொகை உண்டு. படித்து முடித்த பிறகு டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டே சாப்பாட்டுக்கு வழி தேட வேண்டும். உள்ளூரிலேயே கிடைக்கும் வேலைகள் மூன்றுதான். தனியார் பள்ளி ஆசிரியர். மைக்ரோ ஃபைனான்ஸ் வசூல், அதாவது தன் அம்மாவைப் போன்றவர்களிடமே போய்த் தவணை கேட்பது. மூன்றாவது மெடிக்கல் ரெப். மூன்றில் இதற்குத்தான் ஊரில் மரியாதை. தோளில் பை, பாலிஷ் போட்ட ஷூ, டாக்டர் அறைக்குள் நேராகப் போகும் உரிமை. “எம் பையன் டாக்டருங்களோட பேசுற வேலை” என்று ஒரு தாய் சொல்லும்போது அந்தச் சொல்லில் இருக்கும் பெருமை நமக்குத் தெரியும்.

அந்தப் பெருமையைத்தான் முதலில் விற்கிறார்கள்.

‘டிகிரி போதும், அனுபவம் தேவையில்லை, பைக் இருந்தால் உடனே வேலை’ என்று வாட்ஸ்அப் குழுக்களில் வரும் அறிவிப்பில் கம்பெனியின் பெயர் இருக்காது. ‘முன்னணி மருந்து நிறுவனம்’ என்று மட்டும் இருக்கும். போன் செய்தால் எடுப்பது கம்பெனி அல்ல, கன்சல்டன்சி. பதிவுக் கட்டணம் 500 ரூபாய். இன்டர்வியூ தேதி உறுதியாக இன்னும் ஆயிரம். வேலை கிடைத்தால் முதல் மாதச் சம்பளத்தில் பாதி. நாம் பேசிய பதினோரு பேரில் எட்டுப் பேர் இப்படி ஏதோ ஒரு வகையில் பணம் கட்டியிருக்கிறார்கள். ரசீது வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை. வானூர் பக்கத்து இளைஞர் ஒருவர் மூன்று கன்சல்டன்சிகளுக்குக் கட்டியிருக்கிறார். மூன்றும் அவரை ஒரே லாட்ஜுக்கு, ஒரே கம்பெனியின் இன்டர்வியூவுக்குத்தான் அனுப்பின. “மூணாவது தடவை போனப்ப அந்த மேனேஜரே சிரிச்சிட்டாரு சார்” என்றார். சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

மருந்து விற்பனையில் ஆள் எடுக்கும் முறை மற்ற வேலைகளிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. எழுத்துத் தேர்வு பெரும்பாலும் கிடையாது. அந்த வட்டாரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏரியா மேனேஜர்தான் முதலில் பார்த்து முடிவு செய்கிறார். அவருக்கு மேலே ரீஜினல் மேனேஜர். காலியிடம் ஒன்று இருந்தால் அந்த ஊரின் விற்பனை விழும். விழுந்தால் ஏரியா மேனேஜரின் டார்கெட் போகும். அதனால் அவர் அவசரத்தில் இருக்கிறார். அவசரத்தில் இருப்பவர் தெரிந்த ஆளைத்தான் தேடுவார். ஏற்கெனவே இந்தத் தொழிலில் இருப்பவரின் தம்பி, மருந்துக்கடைக்காரரின் மகன், ஸ்டாக்கிஸ்டின் மைத்துனர். நம் பிள்ளைகளின் குடும்பத்தில் ஸ்டாக்கிஸ்ட் ஏது? செங்கல் சூளையும் கரும்பு வெட்டும்தான் இருக்கிறது.

ஆக, உறவும் சிபாரிசும் இல்லாமல் உள்ளே போகிறவர்களிடம் கேட்கப்படும் கேள்விகள் என்ன? மருந்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்துப் படித்துவிட்டுப் போகிறார்கள். ஆன்டிபயாடிக் என்றால் என்ன, ரத்த அழுத்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று. அந்தக் கேள்விகளும் வருவதுண்டு. ஆனால் நம்மிடம் பேசியவர்கள் நினைவில் வைத்திருந்தது வேறு கேள்விகளை.

“அப்பா என்ன பண்றார்?”

“விவசாயம் சார்.”

“சொந்த நிலமா?”

“இல்ல சார், கூலி.”

“எந்த ஊரு? அந்த ஊர்ல எந்தத் தெரு? ஊரா, காலனியா?”

பிறகு பயோடேட்டாவை மூடி வைத்துவிட்டு, “சரி தம்பி, போன் பண்றோம்.”

இந்த உரையாடலை ஏறக்குறைய இதே வரிசையில் நான்கு பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், நம்மிடம் சொன்னார்கள். இன்னொருவரிடம் குலதெய்வம் எது என்று கேட்டிருக்கிறார்கள். மாத்திரை விற்பதற்கும் குலதெய்வத்துக்கும் என்ன சம்பந்தம்? கேட்டவருக்குச் சம்பந்தம் தெரியும். பதில் சொன்னவருக்கும் தெரியும்.

வட மாநிலங்களில் பெயருக்குப் பின்னாலேயே சாதி வந்துவிடுகிறது. பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் அமெரிக்கச் சமூகவியலாளர் பால் அட்வெல்லும் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்து பார்த்தது. ஒரே மாதிரியான படிப்பு, ஒரே மாதிரியான தகுதி; பெயர் மட்டும் வேறு. ஒன்று உயர்சாதி இந்துப் பெயர், ஒன்று தலித் பெயர், ஒன்று முஸ்லிம் பெயர். நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தலித் பெயர் கொண்ட விண்ணப்பத்துக்கு அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. நேரில் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வெறும் பெயர்.

தமிழ்நாட்டில் நாம் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை. சுயமரியாதை இயக்கம் தந்த பெரிய கொடை அது. ஆனால் பெயர் சொல்லாததை விலாசம் சொல்லிவிடுகிறது. ‘காலனி’ என்ற ஒரு சொல் போதும். அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார், நல்லது. ஆனால் 2016-ல் எடுத்த ஆதாரிலும் 2018-ல் வாங்கிய மாற்றுச் சான்றிதழிலும் அது இன்னும் இருக்கிறது. விலாசத்தை மாற்றினாலும் பள்ளியின் பெயர் இருக்கிறது. ‘அரசு ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளி’ என்று பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அச்சாகியிருப்பதை எந்தப் பிள்ளை மறைக்க முடியும்? ஏன் மறைக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. ஆனால் மறைக்கிறார்கள். பயோடேட்டாவில் பள்ளியின் பெயரைச் சுருக்கி ‘அரசு மேல்நிலைப் பள்ளி’ என்று மட்டும் எழுதச் சொல்லித் தரும் அண்ணன்கள் இப்போது ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

‘குடும்பப் பின்னணி’ என்ற கேள்வி லாட்ஜ் இன்டர்வியூவில் மட்டும் கேட்கப்படுவது அல்ல. சமூகவியலாளர்கள் சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் டெல்லிப் பகுதியின் பெரிய நிறுவனங்களில் ஆள் எடுக்கும் அதிகாரிகள் 25 பேரிடம் பேசியபோது, அவர்களில் ஏறக்குறைய எல்லோருமே குடும்பப் பின்னணியைக் கேட்பதாக ஒப்புக்கொண்டார்கள். நல்ல குடும்பத்திலிருந்து வருபவர் நல்ல ஊழியராக இருப்பார் என்பது அவர்கள் சொன்ன காரணம். தகுதி மட்டும்தான் பார்க்கிறோம் என்றும் அதே மூச்சில் சொன்னார்கள்.

நாமும் ஒரு ஏரியா மேனேஜரிடம் பேசினோம். பெயர் போட வேண்டாம் என்றார். பதினாறு வருடம் இந்தத் தொழிலில் இருப்பவர். “நான் சாதி பார்க்கிற ஆளே கிடையாது. ஆனா டாக்டர் முன்னாடி நிக்கிறதுக்கு ஒரு முகம் வேணும் சார். இங்கிலீஷ் வேணும். மாசக் கடைசியில ஸ்டாக்கிஸ்ட்கிட்ட ஒரு லட்ச ரூபாய் பில் போடச் சொன்னா போடுறதுக்கு ஒரு செல்வாக்கு வேணும்” என்றார். இங்கிலீஷ் என்பது புரிகிறது. செல்வாக்கு என்பதும் புரிகிறது. ‘முகம்’ என்றால் என்ன என்று கேட்டோம். டீயை ஆற்றிக் குடித்தார்; அதற்குப் பதில் வரவில்லை.

அவர் சொன்னதில் ஒரு பகுதியை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா நிராகரிப்பும் சாதியால் வருவதல்ல. கன்சல்டன்சிகள் பணம் பிடுங்குவது எல்லாச் சாதி ஏழைகளிடமும்தான். ஒரு இடத்துக்கு நூறு பேர் வந்தால் தொண்ணூற்றொன்பது பேருக்குக் கிடைக்காது. ஆனால் கிடைக்காதபோது விழுவதற்கு ஒருவனுக்கு மெத்தை இருக்கிறது, இன்னொருவனுக்குத் தரைதான்.

அந்தத் தரை எப்படி இருக்கும் என்பதற்குச் செஞ்சி அருகே உள்ள ஒரு கிராமத்து இளைஞரின் கதையைச் சொல்ல வேண்டும். எம்.எஸ்சி. வேதியியல். குடும்பத்தின் முதல் பட்டதாரி. அவருக்கு வேலை கிடைத்தது. கிடைத்த பிறகு நடந்ததுதான் இது.

பைக் வேண்டும் என்றார்கள். அம்மாவின் தோடும் சுயஉதவிக் குழுக் கடனும் சேர்ந்து முன்பணம் ஆனது. சென்னையில் பத்து நாள் பயிற்சி. தங்கும் செலவு அவருடையது, ‘பிறகு தருவோம்’ என்றார்கள். பயிற்சியின் கடைசி நாளில் ‘சரிபார்ப்புக்கு’ என்று அசல் பட்டச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். திருக்கோவிலூரைத் தலைமையிடமாகக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்குப் பத்து டாக்டர், ஐந்து மருந்துக்கடை. யாரைப் பார்த்தோம், எத்தனை மணிக்குப் பார்த்தோம் என்று இரவு செல்போன் செயலியில் பதிய வேண்டும். மருத்துவமனை வாசலில் இரவு பத்து மணிவரை காத்திருந்து, கடைசி நோயாளி போன பிறகு ஒரு நிமிடம் பேசிவிட்டு, 40 கிலோமீட்டர் பைக் ஓட்டி வீட்டுக்கு வருவார். வேலை அவருக்குப் பிடித்திருந்தது. அதை அவரே சொன்னார். “மாலிக்யூல் பத்தி டாக்டர்கிட்ட பேசுறப்ப, நான் படிச்சது வீண்போகலன்னு தோணும்ணா.”

முதல் மாதம் 14,000 ரூபாய் வந்தது. இரண்டாம் மாதம் டார்கெட் எட்டவில்லை என்று 9,000. பெட்ரோல் பணம் இரண்டு மாதமும் வரவில்லை. மூன்றாம் மாதக் கடைசியில் மேனேஜர் போன் செய்து, ஸ்டாக்கிஸ்டிடம் 18,000 ரூபாய்க்குக் கூடுதலாகச் சரக்கு இறக்கச் சொன்னார். ‘விற்காவிட்டால் கம்பெனி எடுத்துக்கொள்ளும்’ என்பது வாய் வார்த்தை. இதற்குத் தொழிலில் ‘டம்பிங்’ என்று பெயர். சரக்கு விற்கவில்லை. ஸ்டாக்கிஸ்ட் திருப்பினார். கம்பெனி எடுக்கவில்லை. நான்காம் மாதம் ஒரு போன்: “நாளையிலேருந்து வேலைக்கு வர வேணாம்.” சான்றிதழைக் கேட்டார். “பதினெட்டாயிரத்தைக் கட்டிட்டு வாங்கிட்டுப் போ.”

அந்த ஆண்டு அவருக்கு பி.எட். சேர்க்கைக்கு இடம் கிடைத்திருந்தது. அசல் சான்றிதழ் இல்லாததால் சேர முடியவில்லை. ஒரு வருடம் போனது. வேலைக்கான எழுத்துப்பூர்வமான ஆதாரம் எதையும் அவர் கையில் கொடுக்கவில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் கம்பெனியின் பெயர் போட்ட பையும் வாட்ஸ்அப் செய்திகளும்தான்.

பெண்கள் இந்த வரிசையில் குறைவு. திண்டிவனம் பகுதியைச் சேர்ந்த பி.ஃபார்ம். படித்த பெண் ஒருவர் மூன்று இன்டர்வியூ போயிருக்கிறார். கல்யாணம் எப்போது, இரவு வெளியூரில் தங்குவாயா, அப்பா ஒத்துக்கொள்வாரா என்பதைத் தாண்டி யாரும் மருந்தியல் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. லாட்ஜ் அறைக்குள் தனியாக வரச் சொன்னபோது, நான்காவது இன்டர்வியூவுக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். இப்போது புதுச்சேரியில் ஒரு மருந்துக்கடையில் இருக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மெடிக்கல் ரெப்களுக்கென்றே 1976-ல் ‘விற்பனை மேம்பாட்டு ஊழியர்கள் (பணி நிபந்தனைகள்) சட்டம்’ நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சும்மா வந்த சட்டம் அல்ல. 1963-ல் தொடங்கிய அகில இந்திய மருத்துவ மற்றும் விற்பனைப் பிரதிநிதிகள் சங்கங்களின் சம்மேளனம் போன்ற அமைப்புகளின் போராட்டத்தால் வந்தது. வேலைக்குச் சேரும்போதே நிர்ணயிக்கப்பட்ட படிவத்தில் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்பது அதன் முக்கியமான விதி. விடுப்பு, போனஸ், பணிக்கொடை, தொழில் தகராறுச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாம் உண்டு. மீறினால் தண்டனை? அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் அபராதம். ஒரு டாக்டருக்குக் கொடுக்கும் டைரியின் விலையை வைத்துப் பார்த்தால் அது ஒரு தொகையா என்று நீங்களே சொல்லுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் இந்தச் சட்டமும் கரைந்துவிட்டது. ரெப்களுக்கென்று இருந்த தனிச் சட்டம் போனது பெரிய இழப்பு என்று தொழிற்சங்கங்கள் சொல்கின்றன. நமக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் கையில் இருப்பதைப் பயன்படுத்தத்தான் வேண்டும். புதிய தொகுப்பும் நியமனக் கடிதத்தைக் கட்டாயம் ஆக்குகிறது. வேலையை விட்டு நீக்கினால் இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தந்துவிட வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. அசல் சான்றிதழை அடமானம்போல வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டத்தில் இடமில்லை. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல என்று சென்னை உயர்நீதிமன்றம் மருத்துவ மாணவர்களின் வழக்குகளில் சொல்லியிருக்கிறது.

தனியார் துறையில் இடஒதுக்கீடு கிடையாது. 2006-ல் மத்திய அரசு அதைப் பற்றிப் பேசியபோது தொழில் கூட்டமைப்புகள், ‘சட்டம் வேண்டாம், நாங்களே விரும்பிச் செய்கிறோம்’ என்றன. இருபது வருடம் ஆகப்போகிறது. விழுப்புரம் லாட்ஜ் மாடிக்கு அந்த விருப்பம் இன்னும் வந்து சேரவில்லை. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டுச் சட்டம் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னது. தெரிவித்தால் போதும், அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்பதில்லை. அந்தத் தெரிவிப்பையாவது ஒழுங்காகச் செய்திருந்தால் கன்சல்டன்சிகளுக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது.

இந்தத் தொழிலில் நின்று ஜெயித்த நம் ஆட்களும் இருக்கிறார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் ரெப்பாகச் சேர்ந்து இப்போது நான்கு மாவட்டங்களைப் பார்க்கும் ஒருவரைச் சந்தித்தோம். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவர். அவர் ஆள் எடுக்கும்போது என்ன கேட்கிறார்? “ஒரு மருந்து ஸ்ட்ரிப்பைக் கையில குடுப்பேன். அஞ்சு நிமிஷம் படிக்கச் சொல்லுவேன். அப்புறம் என்னையே டாக்டரா நினைச்சு தமிழ்ல விக்கச் சொல்லுவேன். அவ்வளவுதான்” என்றார். இங்கிலீஷ் எப்படி என்று கேட்டோம். “நம்ம மாவட்டத்துல எந்த டாக்டர் சார் ரெப்கிட்ட இங்கிலீஷ்ல பேசுறாரு? மருந்து பேரும் டோஸும் இங்கிலீஷ். மிச்சமெல்லாம் ‘இன்னா தம்பி, எப்படி இருக்க’தான்.” அவர் எடுத்த ஆட்களில் எத்தனை பேர் நம் பிள்ளைகள் என்று கேட்டதற்கு மட்டும் எண்ணிக்கை சொல்லத் தயங்கினார். மேலே இருப்பவர்கள் அதையும் எண்ணுவார்களாம்.

இளைஞர்களுக்கு அவர் சொன்னதையும், வழக்கறிஞர்கள் சிலர் நம்மிடம் சொன்னதையும் சேர்த்துத் தருகிறோம். வேலைக்குக் காசு கேட்கும் கன்சல்டன்சியைத் தொடாதீர்கள். மருந்துக் கம்பெனி ரெப்பிடம் பணம் வாங்கி வேலை தராது. கம்பெனியின் பெயரைக் கேளுங்கள். அதன் மருந்து உங்கள் ஊர்க் கடையில் இருக்கிறதா என்று கடைக்காரரைக் கேளுங்கள். அந்த ஊர்ப் பழைய ரெப் ஏன் போனார் என்பதும் அவருக்குத்தான் தெரியும். அசல் சான்றிதழைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது. நியமனக் கடிதம் இல்லாமல் ஒரு கிலோமீட்டர்கூடப் பைக் ஓட்டாதீர்கள். சரக்கு இறக்கச் சொல்லும் உத்தரவை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்தால் உடனே 1930-க்குப் பேசுங்கள். சம்பள பாக்கிக்குத் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. வழக்கு என்று வந்தால், பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது, எண் 15100. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் வேலை முகாம்களிலும், அரசின் தனியார் வேலை இணையத்திலும் பதிவு செய்யக் காசு இல்லை.

செஞ்சிப் பக்கத்து இளைஞர், வழக்கறிஞர் ஒருவரின் உதவியுடன் அந்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் சான்றிதழ் கூரியரில் வந்து சேர்ந்தது. உறையில் கடிதம் எதுவும் இல்லை. மூன்றாம் மாதச் சம்பளமும் பெட்ரோல் பணமும் இன்னும் வரவில்லை. அதற்குத் தொழிலாளர் துறையில் மனு கொடுத்திருக்கிறார். பைக்குக்கு இன்னும் பதினான்கு தவணை பாக்கி. அம்மாவின் தோடு வங்கியில் இருக்கிறது. இந்த ஆண்டு பி.எட். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து வைத்திருக்கிறார்.